பாய்லர் ஏன் முனகுகிறது?

மார்கழி பிறந்துவிட்டால் தர்மபுரிப் பக்கத்தில் விடியற்காலைக் குளிர் எப்படியிருக்கும் என்பதை அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். வெந்நீர் இல்லாமல் ஸ்நானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வெந்நீரைத் தருகிற பாய்லர் திடீரென்று பேச ஆரம்பித்தால் என்ன செய்வது?

தர்மபுரியிலிருந்து ஒரு சகோதரி இதைத்தான் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு இருக்கின்றன. கொல்லைப்புறத்தில் மாமியார் காலத்துச் செப்புப் பாய்லர். மாடிக் குளியலறையில் மின்சாரக் கீஸர். சில வாரங்களாகக் கீஸர் போட்ட ஐந்தாவது நிமிஷம் உள்ளேயிருந்து யாரோ கூழாங்கல்லை உருட்டுவதுபோல் 'கடகட' என்கிறதாம். "பழசானால் அப்படித்தான், பயப்படாதே" என்கிறார் மாமியார். "தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம்" என்கிறார் அவர். குழந்தைகளோ அதற்குப் 'பூதம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

சத்தத்தைக் கேட்டுச் சமையல் செய்வது நமக்கு ஒன்றும் புதிதல்ல. இட்லிப் பானையின் அடியில் ஒரு காசைப் போட்டுவைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கொதிக்கும்வரை காசு 'கிணுகிணு' வென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். பாய்லரும் அப்படித்தான் சேதி சொல்கிறது. பாஷை புரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் சாதாரணச் சத்தம் எது என்று பார்ப்போம். அடுப்பில் வைத்த தண்ணீர், கொதிப்பதற்குச் சற்று முன்னால் பாடும் அல்லவா? பாத்திரத்தின் அடியில் சூடு அதிகம். அங்கே சின்னச் சின்ன நீராவிக் குமிழிகள் பிறக்கின்றன. மேலே வந்ததும், அங்கே தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதால், பட்டென்று சுருங்கி மறைந்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கான குமிழிகள் இப்படி மடிகிற ஓசைதான் அந்தப் பாட்டு. தண்ணீர் முழுவதும் ஒரே சூடாகிவிட்டால் குமிழிகள் மடியாமல் மேலே வந்து வெடிக்கும். பாட்டு அடங்கித் 'தளதள' சத்தம் வரும். கீஸரில் போட்டவுடன் மெல்லிதாக 'உஸ்' என்று கேட்பதும் இந்த ஜாதிதான். சூடேறும்போதும் ஆறும்போதும் 'டிக் டிக்' என்று கேட்டால், உலோகம் விரிந்து சுருங்குகிறது. இரண்டுக்கும் கவலைப்பட வேண்டாம்.

'கடகட' சங்கதி வேறு. அதற்குக் காரணம் தர்மபுரி மண்ணிலேயே இருக்கிறது.

அந்த ஜில்லாவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும், எவர்சில்வர் குடத்தின் உட்புறம் வெள்ளை பூத்துவிடும். மழை ஜலம் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, பாறையிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் மக்னீஷியத்தையும் கரைத்துக்கொள்கிறது. குளிர்ந்திருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கினால் வாயு பிரிந்து போய்விடும். சுண்ணாம்பு தனியே நின்று பாத்திரத்தில் படியும். சூடு அதிகமாக அதிகமாகப் படிவும் அதிகம்.

எவ்வளவு படியும் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. குடிநீருக்கான இந்தியத் தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுத் தண்ணீரில் 400 என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 லிட்டர் காய்ச்சுகிறீர்கள். அதில் 40 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது. பத்தில் ஒரு பங்குதான் உள்ளே தங்குகிறது என்றாலும் நாளைக்கு 4 கிராம். வருஷத்தில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு! கோலம் போட வாங்கும் கல்மாவு ஒன்றரைக் கிலோவைக் கீஸருக்குள் கொட்டிவைத்த மாதிரிதான்.

இந்தப் படிவு சூடேற்றும் கம்பியின் மேல் ஓடு மாதிரி மூடிக்கொள்கிறது. ஓட்டுக்கு அடியில் அகப்பட்ட கொஞ்சம் தண்ணீர் தப்ப வழியில்லாமல் கொதித்து, ஆவியாகி, ஓட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்கிறது. மேலேயுள்ள குளிர்ந்த நீரில் பட்டு மடிகிறது. அதுதான் உங்கள் வீட்டுப் பூதம்! உதிர்ந்த ஓட்டுத் துண்டுகள் அடியில் உருள்வதும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சத்தத்தால் கீஸர் நாளைக்கே வெடித்துவிடப் போவதில்லை. ஆனால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கிவிடுவதால் மின்சாரம் வீணாகும், கம்பி கருகும், தொட்டியின் உட்பூச்சு கெடும். ஆகவே மாமியார் சொல்வதில் பாதி நியாயம், அவர் சொல்வதில் கால் நியாயம். மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பிரித்துச் சுத்தம் செய்தால் பல சமயம் பூதம் ஓடிவிடும். கடினத் தண்ணீர் ஊரில் வருஷம் ஒரு முறை இதைச் செய்வது அவசியம். அப்போதே உள்ளேயிருக்கும் மக்னீஷியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தான் கரைந்து தேய்வதுதான் அதன் வேலை. கரைந்து போயிருந்தால் புதிது போடவேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தர்மபுரித் தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பற்களில் பழுப்புக் கறையும், எலும்புகளில் வலியும் வளைவும் உண்டாக்குவது அதுதான். இதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவேரி நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடன் உதவியுடன் கட்டப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. "கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு படியும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு லிட்டருக்கு அதிகமாகத்தான் ஆகும். குளிக்கக் கிணற்றுத் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் காவேரித் தண்ணீர் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பாய்லர் வெந்நீரில் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

இனி கொல்லைப்புறத்துச் செப்புப் பாய்லருக்கு வருவோம். எனக்கு அதன்மேல் தனி அபிமானம் உண்டு. கொட்டாங்கச்சியும் தேங்காய் மட்டையும் நாலு சுள்ளியும் போதும். கரண்ட் போனாலும் கவலையில்லை. நடுவே புகைக்குழாய், சுற்றித் தண்ணீர், மேலே ஒரு புனல், பக்கத்தில் ஒரு மூக்கு. ஒரு குடம் பச்சைத் தண்ணீரைப் புனலில் விட்டால் அது அடிக்குப் போய், மேலே மிதக்கும் வெந்நீரைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு குடம் வெந்நீராக மூக்கு வழியே கொடுக்கிறது. இதன் பத்திரம் எதில் இருக்கிறது தெரியுமா? புனலும் மூக்கும் எப்போதும் திறந்திருப்பதில்தான். ஆவி எவ்வளவு வந்தாலும் போக வழியுண்டு.

அந்த வழியை நாமே அடைத்துவிடுகிறோம். கரப்பான் நுழையும், பல்லி விழும் என்று மூக்கில் துணி அடைக்கிறார்கள். புனலின் மேல் செங்கல் வைக்கிறார்கள். வெந்நீர் சிந்துகிறதே என்று மூக்குக்குத் திருகு குழாய் போடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். ஒரு டம்ளர் தண்ணீர் சுமார் 1,600 டம்ளர் ஆவியாகிறது. செப்புத் தகடு எவ்வளவு தாங்கும்? பல்லிக்குப் பயந்தால் மெல்லிய வலையைத் தளர்த்தியாகக் கட்டுங்கள். சுண்ணாம்பே மூக்கின் உள்ளே படிந்து வழியைக் குறுக்கிவிடுவதும் உண்டு. வெந்நீர் முன்போலத் தாராளமாக வராமல் 'குபுக் குபுக்' என்று விட்டு விட்டுத் துப்பினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செப்புப் பாய்லரில் எனக்குப் பயம் தருகிற சத்தம் 'படபட' என்று தகடு வெடிப்பது போன்ற சத்தம். உள்ளே தண்ணீர் குறைந்து, குழாயின் மேல்பாகம் வெறுமனே காய்கிறது. உடனே கை எதற்குப் போகும்? குடத்துக்கு! அதைத்தான் செய்யக்கூடாது. காய்ந்த தகட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஒரே கணத்தில் ஆவி சீறிப் புனல் வழியாக உங்கள் முகத்துக்கே வரும். தணலை வெளியே இழுத்து அணையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். பற்றுவைத்த மூட்டுகள் விட்டிருக்கின்றனவா என்று பாத்திரக்காரரிடம் காட்டிவிட்டுப் பிறகு பற்றவையுங்கள்.

படிவை நீக்க இந்த ஜில்லாவில் மருந்துக்கா பஞ்சம்? புளிக்குப் பேர்போன ஊராயிற்றே! பாய்லர் ஆறியிருக்கும்போது கெட்டியான புளிக்கரைசலையோ, கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்த தண்ணீரையோ ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். 'சொய்' என்று நுரைத்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசிக் கொட்டிவிடுங்கள். குளியலறை கழுவும் ஆஸிட்டை மட்டும் பாய்லருக்குள் விடாதீர்கள். அது சுண்ணாம்போடு உலோகத்தையும் தின்னும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டால் வருகிற குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கீஸரின் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து 'சொட்டுச் சொட்டு' என்று தண்ணீர் வரும். சில சமயம் மெல்லிதாகச் சீட்டியடிக்கும். "சுவரெல்லாம் ஈரமாகிறது, இதற்கு ஒரு மூடி போடுங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்ல, அரைகுறைப் பிளம்பர் ஒருவர் டேப்பைச் சுற்றி இறுக்கி மூடிவிட்டுக் கூலியும் வாங்கிக்கொண்டு போகிறார்! பிரஷர் குக்கரின் வெயிட்டையும் சேப்டி வால்வையும் பற்றவைத்து மூடிவிட்டுச் சாதம் வடிக்க நீங்கள் சம்மதிப்பீர்களா?

தண்ணீர் சூடானால் பெருக்கும். 25 லிட்டர்க் கீஸர் 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் அதிகப்படியாகிவிடும். வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி ஒருவழி வால்வு போட்டிருந்தால், அது எங்கே போகும்? அந்தச் சொட்டுதான் அது. சூடேறும்போது மட்டும் சொட்டினால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது. அதன் வாயில் ஒரு குழாயை மாட்டித் தரைச் சாக்கடைக்கு விட்டால் சுவரும் நனையாது. கீஸர் ஆறிய பிறகும் ஓயாமல் ஒழுகினால் வால்வையே மாற்றவேண்டும், அடைக்கக்கூடாது.

கீஸருக்கு மூன்று காவலர்கள். முதல் காவலர் தெர்மோஸ்டாட்; தண்ணீர் சாதாரணமாக 60-லிருந்து 75 டிகிரி வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவார். அவர் தூங்கிவிட்டால் இரண்டாமவர் கட்-அவுட், மேலும் சூடேறாமல் தடுப்பார். அவரும் கைவிட்டால் மூன்றாமவர் இந்த வால்வு. இருவர் தூங்கி, மூன்றாமவர் வாயையும் நாமே கட்டிவிட்டால், அடைபட்ட தொட்டியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். தொட்டி எங்காவது விட்டால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் ஆவியாகச் சீறும். கீஸர் வெடித்தது என்று பத்திரிகையில் படிக்கிற பல சம்பவங்களின் வழி இதுதான்.

இந்த வால்வு நேற்று வந்ததும் அல்ல. 1679-ல் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பைக்கூட மெத்தென்று வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார். நம் குக்கருக்குப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது வெடிக்காமலிருக்க அவர் கண்டுபிடித்ததுதான் சேப்டி வால்வு. நம் நாட்டில் 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்ட பிறகு, 1864-ல் வங்காளத்தில் பாய்லர்களைப் பரிசோதிக்கச் சட்டம் வந்தது. 1923-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 2025-ல் அதற்குப் பதில் புதுச் சட்டம். ஆனால் இவையெல்லாம் ஆலைகளின் நீராவிப் பாய்லர்களுக்கு. நம் குளியலறைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்ப்பதும், மாதம் ஒரு தடவை அந்த வால்வை எட்டிப் பார்ப்பதும் நம் பொறுப்பு.

குழாயை மூடியதும் சுவருக்குள் 'தட்' என்று இடி விழுகிறதே, அது வேறு. ஓடிவரும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது குழாயை முட்டுகிறது. மெதுவாக மூடினால் சரியாகிவிடும்; தளர்ந்த குழாய்க்குக் கிளாம்ப் அடிக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டி காலியாகிக் காற்றுப் புகுந்திருந்தால் 'களக் களக்' கேட்கும். தொட்டி நிரம்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருகிறவரை ஸ்விட்சைப் போடாதீர்கள்.

கீஸரில் பலத்த கொதிப்புச் சத்தம் கேட்டாலோ, வெந்நீர்க் குழாயில் தண்ணீருடன் ஆவியும் சீறினாலோ, அது விளையாட்டல்ல. குளிக்கிறவரை முதலில் வெளியே வரச் சொல்லுங்கள். ஸ்விட்சை அணையுங்கள், ஈரக்கையாக இருந்தால் தொடாமல் மெயினை அணையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்கலாம் என்று போகாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு முழுவதும் ஆறும்வரை காத்திருந்து, மெக்கானிக் பார்த்த பிறகே மறுபடி போடவேண்டும். "இன்றைக்கு ஒரு நாள் மட்டும்" என்ற பேச்சு வேண்டாம்.

காஸ் கீஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பற்றும்போது 'பப்' என்று தாமதமாகத் தீப்பிடித்தாலோ, நீலச் சுடர் மஞ்சளானாலோ உடனே அணைத்துப் பழுது பாருங்கள். ஆனால் அதன் பெரிய அபாயம் சத்தமே போடாது. அடைத்த குளியலறையில் எரியும் காஸுக்குக் காற்றுப் போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு இருக்கவேண்டிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், கால் துவளுதல். கதவைத் திறக்கவும் தெம்பிராது. இதனால் குளியலறையிலேயே உயிர்போன செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன. காஸ் கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். கரி போட்ட பாய்லரையோ கும்மட்டியையோ குளிருக்காக அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துதான். உள்ளே போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லாவிட்டால் கூச்சம் பாராமல் கதவை உடையுங்கள். அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-க்குச் சொல்லுங்கள்.

வெந்நீர் பட்டுவிட்டால்? 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும்; குழந்தையின் தோல் இன்னும் மெல்லிது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று விடப் பழகுங்கள். சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். இங்க், இட்லி மாவு, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்த்தியாக மூடி டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

மெக்கானிக் வரும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள். வால்வின் சின்ன நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று அவரைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளேயிருந்து எடுத்த வெள்ளை ஓட்டையும் ஒரு முறத்தில் வாங்கி, பூதத்துக்குப் பயந்த குழந்தைகளிடம் காட்டுங்கள்.